ஆற்றங்கரைப் பழைய கோலாலம்பூரில் குடியேற: கடைவீட்டு மாடியா, மஸ்ஜிட் இந்தியா அடுக்குமாடியா, பிரிக்பீல்ட்ஸா?

ஆற்றையொட்டிய பழைய கோலாலம்பூரில் வாடகைக்குக் குடிபோக நினைப்பவர்கள் பெரும்பாலும் மூன்று இடங்களைச் சுற்றியே வீடு தேடுகிறார்கள். லெபோ அம்பாங், மேடான் பசார், துன் எச்.எஸ். லீ சாலை வட்டாரத்துக் கடைவீட்டு மாடிகள் ஒன்று. மஸ்ஜிட் இந்தியா சாலையில் கடைகளுக்கு மேலே நிற்கும் பழைய அடுக்குமாடிகள் இன்னொன்று. கிள்ளான் ஆற்றின் போக்கிலேயே கொஞ்சம் கீழே வந்தால் பிரிக்பீல்ட்ஸ். இவற்றுக்கு நடுவே எழுந்துகொண்டிருக்கும் புது சர்வீஸ் அபார்ட்மென்டுகளும் உண்டு.

வாடகையையும் எல்.ஆர்.டி. நகர ரயில் நிலையத்தின் தூரத்தையும் வைத்து ஒப்பிடுவதுதான் வழக்கம். இரண்டும் முக்கியம்தான், ஆனால் இரண்டாவதாக வரவேண்டியவை. இந்த வட்டாரத்தில் ஒரு வீட்டில் நிம்மதியாகக் குடியிருக்க முடியுமா என்பதைத் தீர்மானிப்பவை வேறு: வாசல் இருக்கும் தெரு எவ்வளவு தாழ்வு, வீடு எந்த மாடி, நெருப்போ வெள்ளமோ வந்தால் வெளியேற எத்தனை வழி. இந்த மூன்றும் சரியாக இருந்தால் வாடகை நூறு இருநூறு கூடினாலும் எடுக்கலாம். சரியில்லை என்றால் பாதி வாடகைக்குக் கிடைத்தாலும் வேண்டாம்.

ஆறு எப்படி வீட்டுக்குள் வருகிறது

கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் இடத்தில்தான் 1857-இல் அம்பாங் ஈயச் சுரங்கங்களுக்குப் புறப்பட்டவர்கள் கரையிறங்கினார்கள். அந்தக் கரையிலேயே சந்தை, சந்தையைச் சுற்றிக் கடைகள், கடைகளுக்கு மேல் வீடுகள் என்று ஊர் வளர்ந்தது. ஆகவே நகரத்தின் மிகப் பழைய தெருக்களே அதன் தாழ்வான தெருக்களாகவும் இருக்கின்றன. 1881-இல் ஒரே ஆண்டில் தீயும் வெள்ளமும் ஊரை அழித்தன. 1926-இலும் 1971-இலும் பெருவெள்ளம் வந்தது.

“ஸ்மார்ட் சுரங்கம் வந்துவிட்டது, இனி வெள்ளம் வராது” என்று வீட்டு ஏஜென்டுகள் சொல்வதைக் கேட்கலாம். அது பாதி உண்மை. 2007-இல் திறந்த அந்தச் சுரங்கம் 9.7 கிலோமீட்டர் நீளம். நகருக்கு மேலே, அம்பாங் ஆறு கிள்ளானோடு சேரும் இடத்துக்கு அருகே வெள்ளத்தை வாங்கி, நகர மையத்தைச் சுற்றிக்கொண்டு போய், தாமான் டேசா ஏரி வழியாகக் கெராயோங் ஆற்றில் விடுகிறது. மஸ்ஜிட் ஜாமெக் பள்ளிவாசல் பக்கம் வந்திருக்கவேண்டிய பல வெள்ளங்களை அது தடுத்திருக்கிறது. ஆனால் கோம்பாக் ஆறு கிள்ளானில் சேருவது அந்த வாய்க்குக் கீழே, மஸ்ஜிட் ஜாமெக்கில். மழை கோம்பாக் பக்கமோ நகரத்தின் தலைக்கு மேலேயோ கொட்டினால் அந்தத் தண்ணீர் ஸ்மார்ட்டின் வாய்க்கு வருவதே இல்லை.

நகர மையத்தில் இப்போது வருவது பெரும்பாலும் திடீர் வெள்ளம். ஆற்று மட்டம் உயர்ந்ததும் தெருக் கால்வாய்களின் தண்ணீர் ஆற்றில் இறங்க முடியாமல் நிற்கிறது. பிறகு அதே கால்வாய் வழியே தெருவுக்குத் திரும்புகிறது. ஒரு மணி நேரத்தில் முழங்கால் அளவுக்கு ஏறி, மழை விட்டதும் சேற்றை வைத்துவிட்டு வடியும். மார்ச் முதல் மே வரையும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை அதிகம். அந்த மாதங்களில்தான் கவனம் வேண்டும். 2020 செப்டம்பரிலும் 2021 டிசம்பரிலும் நகர மையத்தில் தண்ணீர் ஏறியதை இங்கே கடை வைத்திருப்பவர்கள் யாரும் மறக்கவில்லை.

தெரு தாழ்வா என்று யாரையும் கேட்காமலே கண்டுபிடிக்கலாம். கீழ்த்தளக் கடைக்குள் பாருங்கள். மின்பிளக்குகள் இடுப்பளவுக்கு உயர்த்தி வைக்கப்பட்டிருக்கின்றனவா? குளிர்பெட்டி செங்கல் மேடையில் நிற்கிறதா? வாசலின் இருபக்கத் தூண்களிலும் பலகை செருகும் இரும்புப் பள்ளம் இருக்கிறதா? அரிசி மூட்டைகள் தரையில் இல்லாமல் பரண்மேல் இருக்கின்றனவா? இதில் இரண்டு இருந்தாலே அந்தத் தெருவுக்குத் தண்ணீர் வந்து போயிருக்கிறது. சாலைக்கும் அஞ்சடிக்கும் (கடைவீட்டு முன்னாலுள்ள கூரை போட்ட நடைபாதை) உள்ள உயர வித்தியாசத்தையும் பாருங்கள். பழைய கடைவீடுகளில் அஞ்சடி சாலையைவிட ஒன்றிரண்டு படி உயரமாகக் கட்டப்பட்டது. மேலுக்கு மேல் தார் போட்டுச் சாலை உயர்ந்துவிட்ட இடங்களில் இப்போது இரண்டும் சமமாகிவிட்டன. அந்த வீடுகளுக்குள் தண்ணீர் தடையில்லாமல் நுழையும்.

மாடிவாசிக்கு வெள்ளத்தால் என்ன என்று தோன்றலாம். கடைவீடுகளில் மின்மீட்டரும் முதன்மைச் சுவிட்ச் பெட்டியும் பெரும்பாலும் கீழே படிக்கட்டு அடியில் இருக்கும். தண்ணீர் அதைத் தொட்டால், மாடி காய்ந்தே இருந்தாலும் மின்சாரம் போய்விடும்; மின்பணியாளர் வந்து சோதிக்கும்வரை திரும்பாது. தண்ணீர்ப் பம்பும் கீழே இருந்தால் குழாய்த் தண்ணீரும் சேர்ந்தே போகும். ஆகையால் கேட்கவேண்டிய முதல் கேள்வி “வெள்ளம் வருமா?” என்பதல்ல, “மீட்டர் எந்த உயரத்தில் இருக்கிறது?” என்பது. தரையிலிருந்து ஐந்தடிக்கு மேல் இருந்தால் நல்லது.

நீர்ப்பாசன வடிகால் துறையின் வெள்ளத் தகவல் பக்கத்தில் ஆற்று மட்டம் இயல்பு, விழிப்பு, எச்சரிக்கை, அபாயம் என்று நான்கு படிகளில் காட்டப்படும். எச்சரிக்கை வந்துவிட்டால் கீழே நிறுத்திய மோட்டார்சைக்கிளை எடுத்து மேட்டில் வைப்பதுதான் முதல் வேலை. வெள்ளம் வடிந்தபின் சேற்றில் வெறுங்காலோடு இறங்கவேண்டாம். இந்தப் பகுதியில் உணவுக்கடைகளை ஒட்டி எலி அதிகம். எலிக் காய்ச்சல் காலிலுள்ள சிறு வெட்டின் வழியாகக்கூட வரும்.

கடைவீட்டு மாடி

மூன்றில் இதுதான் அழகானது, இதுதான் கடினமானதும். லெபோ அம்பாங்கில் நகரத்தார் வட்டித்தொழில் நடத்திய கிட்டங்கிகளும், துன் எச்.எஸ். லீ சாலையில் தம்புசாமி பிள்ளை 1873-இல் நிறுவிய ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயமும் உள்ள இந்தத் தெருக்களில் தமிழர் வாழ்க்கை ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகத் தொடர்கிறது. இங்கே மீண்டும் விளக்கெரிய வேண்டும், மாடிகள் வெறும் சரக்கறைகளாகப் போய்விடக்கூடாது என்பதில் எனக்கு ஆசை உண்டு. அதனாலேயே அவசரப்பட்டு எடுக்கவேண்டாம் என்கிறேன்.

மாடிகள் ஏன் காலியாகின என்பதில் நடைமுறைப் பாடம் ஒன்று இருக்கிறது. 1948-க்கு முன் கட்டிய கட்டடங்களுக்கு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தவரை குடும்பங்கள் மிகக் குறைந்த வாடகையில் தலைமுறையாக இருந்தன; உரிமையாளர்கள் பராமரிப்பில் பணம் போடவில்லை. 1997-இல் அந்தச் சட்டத்தை நீக்கியதும், இடைக்கால ஏற்பாடு 1999 முடிவோடு தீர்ந்ததும், வாடகை சந்தை விலைக்கு ஏறியது, குடும்பங்கள் வெளியேறின. பிறகு பல மாடிகளை ஒருவரே மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்து, பிளைவுட் தடுப்பு வைத்து அறை அறையாக வாடகைக்கு விடத் தொடங்கினார்கள். இன்று “மாடி அறை” என்று விளம்பரத்தில் வருபவற்றில் கணிசமானவை அப்படிப்பட்டவை. சன்னல் இல்லாத பிளைவுட் அறையை எந்த வாடகைக்கும் எடுக்காதீர்கள். ஒரே மரப்படிக்கட்டு, மரத்தளம், பழைய வயரிங், பிளைவுட் தடுப்பு ஆகிய நான்கும் சேர்ந்த இடத்தில் தீப்பிடித்தால் புகை படிக்கட்டு வழியாகத்தான் மேலேறும், இறங்க வேறு வழி இருக்காது.

முழு மாடி கிடைத்தால் பேசலாம். முகப்பு பெரும்பாலும் இருபதடிக்குள். உள்ளே அறுபது, எண்பது அடி என்று நீளும். பக்கச் சுவர்கள் அண்டை வீட்டோடு பொதுவானவை என்பதால் சன்னல் முன்னும் பின்னும் மட்டும். நடுவில் வெளிச்சமும் காற்றும் தருவது முற்றம்தான். அந்த முற்றத்தைப் பிளாஸ்டிக் கூரை போட்டு மூடியிருந்தால் வீட்டின் மூச்சே நின்றுவிடும். பிற்பகல் நான்கு மணிக்கு நடு அறையில் ஐந்து நிமிடம் நின்று பார்த்தால் தெரியும். கூரை ஓடாக இருந்தால் வெப்பம் தாங்கலாம். ஓடுகளை எடுத்துவிட்டுத் துத்தநாகத் தகடு போட்ட வீடுகளில் ஓட்டுக்கூரை வீட்டைவிட வெப்பமும் அதிகம், மழைச் சத்தமும் அதிகம்.

பார்க்கப் போகும்போது ஒரு திருப்புளியும் கைவிளக்கும் எடுத்துச் செல்லுங்கள். தளத்தைத் தாங்கும் மர உத்தரங்கள் சுவருக்குள் நுழையும் முனைகளைத்தான் முதலில் பார்க்கவேண்டும். கூரைக்கும் பொதுச்சுவருக்கும் இடையிலுள்ள தகரக் கால்வாய் ஓட்டையானால் தண்ணீர் சுவர் வழியே இறங்கி அந்த முனைகளில் தங்கும். அங்கே உளுத்துப்போகும், கரையானும் அங்கிருந்தே தொடங்கும். திருப்புளியால் அழுத்தினால் நல்ல மரம் எதிர்க்கும், கெட்ட மரம் அரை அங்குலம் உள்வாங்கும். தட்டும்போது கூடான ஓசை வந்தாலும், சுவரோரம் பென்சில் தடிமனில் மண் குழாய் ஏறியிருந்தாலும் கரையான். தளத்தின் நடுவில் நின்று குதிகாலை ஊன்றித் தட்டிப் பாருங்கள். லேசாக அதிர்வது மரத்தளத்தின் இயல்பு, ஒருபக்கம் சாய்ந்தே இருப்பது இயல்பல்ல. மேலே தண்ணீர்த் தொட்டி எதன்மீது நிற்கிறது என்பதையும் பாருங்கள். ஆயிரம் லிட்டர் என்றால் ஒரு டன். அது பொதுச்சுவரில் ஊன்றிய இரும்புத் தாங்கியில் இருக்கவேண்டும், மரத்தளத்தில் அல்ல.

முகப்புச் சுவரின் உச்சியில் அரசங்கன்றோ ஆலங்கன்றோ முளைத்திருந்தால், வேர் உள்ளே போய்ச் சாந்தைப் பிளந்திருக்கும். வெளியே தெரியும் இலையை வெட்டினால் போதாது. வேரைக் கொன்று, விரிசலை அடைக்கவேண்டும். இதை யார் செய்வது, எப்போது என்பது ஒப்பந்தத்தில் வரவேண்டும். சுவரில் வெள்ளை உப்புப் பூத்து வண்ணம் உரிந்திருந்தால், சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவருக்குமேல் யாரோ சிமெண்ட் பூசியிருப்பார்கள். சுவர் உறிஞ்சும் ஈரம் வெளியே ஆவியாக முடியாமல் உள்ளேயே சுற்றும். இதற்கு மேலும் ஒரு கோட் வண்ணம் அடிப்பது தீர்வல்ல. கீழ்த்தளத்தில் இது அநேகமாக எப்போதும் இருக்கும். மாடியில் தெரிந்தால் கூரையில் ஒழுகுகிறது என்று கொள்ளலாம்.

மின்சாரத்தில் பார்க்கவேண்டியது, மின்கசிவு வந்தால் மின்சாரத்தை நிறுத்தும் ஆர்.சி.சி.பி. சுவிட்சின் சோதனைப் பொத்தான். அழுத்தியதும் சுவிட்ச் தானாக அணைந்து விழவேண்டும், விழாவிட்டால் மின்கசிவு வந்தால் காப்பாற்ற ஒன்றுமில்லை. வெந்நீர் ஹீட்டருக்குத் தனியாக 10 மில்லியாம்பியரில் விழும் சுவிட்ச் இருக்கவேண்டும். மின்கட்டணம் எந்த விகிதத்தில் வருகிறது என்பதையும் கேளுங்கள். கட்டடம் வணிகக் கட்டடமாகப் பதிவாகியிருந்தால் மின்சாரம், தண்ணீர் இரண்டுக்கும் வீட்டு விகிதம் கிடைக்காமல் போகலாம். கடைசி மூன்று மாத பில்லைக் காட்டச் சொல்வதே நேர்வழி.

தமிழ் வீட்டுக்கென்று சில கூடுதல் கவலைகள் உண்டு. மரத்தளத்தில் காமாட்சி விளக்கும் சாம்பிராணித் தணலும் வைப்பவர்கள், கீழே கருங்கல் பலகையோ ஆழமான பித்தளைத் தாம்பாளமோ போட்டு, திரைச்சீலையிலிருந்து மூன்றடி தள்ளி வைக்கவேண்டும். சன்னல் கம்பிக் கதவைப் பூட்டினால் சாவி அதன் பக்கத்திலேயே ஆணியில் தொங்கவேண்டும், கைப்பையில் அல்ல. 14 கிலோ கேஸ் சிலிண்டரைச் செங்குத்துப் படியில் ஏற்றுவதற்குக் கடைக்காரர் தனிக்கூலி கேட்பார். பீரோ, மெத்தை, குளிர்பெட்டி வாங்குமுன் படிக்கட்டின் அகலத்தையும் திருப்பத்தையும் அளந்துகொள்ளுங்கள். சில வீடுகளில் முன் சன்னல் வழியாகக் கயிறு கட்டித்தான் ஏற்ற முடியும்.

சத்தம் தெருவுக்குத் தெரு வேறு. மஸ்ஜிட் ஜாமெக் அருகே எல்.ஆர்.டி. உயர்பாதையில் காலை ஆறு மணி முதல் நள்ளிரவு வரை ஓடும். சங்கமத்தில் நீரூற்றும் நீல விளக்கும் இரவு நேரக் கூட்டத்தை இழுக்கின்றன. ஆற்றைப் பார்த்த சன்னல் என்று கூடுதல் வாடகை கேட்டால், அந்தச் சன்னலுக்குக் கீழே இரவு பத்து மணிவரை ஆட்கள் இருப்பார்கள் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை பசார் செனி, கோத்தாராயா சுற்றுவட்டாரம் விடுமுறைக்கு வந்த வெளிநாட்டுத் தொழிலாளர்களால் நிரம்பும். தைப்பூசத்தை ஒட்டி வெள்ளிரதம் மாரியம்மன் கோவிலிலிருந்து பத்துமலைக்குப் புறப்படும் இரவில் தெரு மூடப்படும். அன்று வாடகைக் காரும் வராது, தூக்கமும் வராது. அந்த இரவுக்காகவே அங்கே குடியிருக்க விரும்புகிறவர்கள் உண்டு, அவர்களைப் புரிந்துகொள்ள முடிகிறது. குப்பை வண்டி பின்லோரோங்கில் (வீட்டுப் பின்சந்தில்) விடியுமுன் வரும். படுக்கையறை பின்பக்கம் இருந்தால் இதையும் கேட்டு வையுங்கள்.

கார் வைத்திருப்பவர்களுக்கு இது உகந்த இடமல்ல. கட்டடத்துக்கு நிறுத்துமிடம் கிடையாது. அருகிலுள்ள தரையடி நிறுத்துமிடங்கள் வெள்ளத்தில் முதலில் மூழ்குபவை. அதற்குப் பதிலாகக் கிடைப்பது ரயில். மஸ்ஜிட் ஜாமெக்கில் கிளானா ஜெயா தடமும் அம்பாங், ஸ்ரீ பெட்டாலிங் தடங்களும் சந்திக்கின்றன. பசார் செனியில் எம்.ஆர்.டி. காஜாங் தடம் இருக்கிறது, நடைபாலம் வழியே 1910-இல் கட்டிய பழைய ரயில் நிலையத்துக்கும் போகலாம். குடிமக்களுக்கான 50 ரிங்கிட் மாதாந்திர மை50 அட்டை இருந்தால் எல்.ஆர்.டி., எம்.ஆர்.டி., மோனோரயில், ரேப்பிட் பஸ் எல்லாம் அதற்குள் அடங்கும். கார்த் தவணை, பெட்ரோல், டோல், நிறுத்தக் கட்டணத்தை இதோடு ஒப்பிட்டால், நகர மைய வாடகை அதிகம் என்ற எண்ணமே மாறிவிடும்.

மஸ்ஜிட் இந்தியா அடுக்குமாடிகள்

சிலாங்கூர் மேன்ஷன், மலாயன் மேன்ஷன் போன்ற கட்டடங்களில் கீழே துணிக்கடைகள், மேலே வீடுகள். கான்கிரீட் கட்டடம் என்பதால் கரையான், உளுத்த உத்தரம், மரப்படி என்ற கவலைகள் இல்லை. வெள்ளமும் வீட்டை எட்டாது. சேலை, மசாலா, பூ, பாத்திரம் என்று எல்லாம் படியிறங்கினால் கிடைக்கும். இந்தியர் முஸ்லிம் உணவகங்கள் இரவு வெகுநேரம்வரை திறந்திருக்கும். அந்தத் தெருவில் வியாபாரம் செய்பவர்களுக்கு இதைவிட வசதியான இடம் இல்லை.

இங்கே எல்லாமே நிர்வாகத்தைப் பொறுத்தது. லிஃப்டுக்குள் ஒட்டியுள்ள சான்றிதழின் காலாவதித் தேதியைப் பாருங்கள். இரண்டு லிஃப்டில் ஒன்று “பழுது” என்ற அட்டையோடு நின்றால், எவ்வளவு நாளாக என்று மேல்மாடிக்காரர் ஒருவரைக் கேளுங்கள். தீத்தடுப்புக் கதவைத் திறந்து படிக்கட்டில் இறங்கிப் பார்ப்பது கட்டாயம். துணி மூட்டைகளும் அட்டைப் பெட்டிகளும் படியை அடைத்திருந்தால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள், கீழே துணிக்கடைகள் இருக்கும்போது இது சாதாரண விஷயமல்ல. பழைய இரும்புக் குழாய்களில் துரு ஏறி நீரழுத்தம் குறைந்திருக்கும். காலை ஏழு மணிக்குச் சமையலறைக் குழாயையும் குளியலறைக் குழாயையும் ஒன்றாகத் திறந்து பாருங்கள். வீடுகளில் எத்தனை தங்குமறைகளாக நாள் வாடகைக்குப் போகின்றன என்பதும் முக்கியம். மாறிக்கொண்டே இருக்கும் ஆட்களால் பாதுகாப்பும் சுத்தமும் குலையும்.

2024 ஆகஸ்டில் இந்தச் சாலையில் நடைபாதை சுமார் எட்டு மீட்டர் ஆழத்துக்கு உள்வாங்கியது. இந்தியாவிலிருந்து வந்த பெண் ஒருவர் விழுந்தார், அவர் கிடைக்கவே இல்லை. பழைய நகரில் காலுக்கடியில் பழைய குழாய்கள் போகின்றன. நடைபாதைக் கல் ஆடினாலோ, தார் கிண்ணம்போலக் குழிந்தாலோ, மழையில்லாத நாளில் ஈரம் கசிந்தாலோ படம் எடுத்து மாநகர் மன்றத்துக்குப் புகார் அனுப்புவதை ஒரு பழக்கமாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

சனிக்கிழமை மாலை துவாங்கு அப்துல் ரஹ்மான் சாலையை ஒட்டிய லோரோங்கில் இரவுச் சந்தை. நோன்பு மாதத்திலும் தீபாவளிக்கு முந்தைய வாரங்களிலும் தெருவே சந்தையாகிவிடும். அந்த நாள்களில் முதியவரை மருத்துவமனைக்கு அழைத்துப்போகும் வண்டி வாசலுக்கு வராது என்பதை முன்கூட்டியே யோசித்து, எந்தப் பின்தெருவில் ஏற்றுவது என்று தீர்மானித்து வையுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ்

1881 அழிவுக்குப்பின் நகரைச் செங்கல்லிலும் ஓட்டிலும் கட்டவேண்டும் என்று ஆணை வந்தபோது, செங்கல் சூளைகள் எழுந்த இடம் இது. பிறகு ரயில்வே தொழிலாளர் குடியிருப்புகள், ஸ்காட் சாலைப் பக்கம் யாழ்ப்பாணத் தமிழர்களின் கந்தசுவாமி கோவில், விவேகானந்தா ஆசிரமம், பௌத்த மகா விகாரை என்று முழுமையான ஊராகவே வளர்ந்தது. 2010-இல் லிட்டில் இந்தியா என்று அலங்காரம் பெற்ற பிறகு வெளியூர்க் கூட்டமும் சேர்ந்தது.

குடும்பத்துக்குத் தேவையானவை இங்கே ஒரே வட்டத்தில் இருக்கின்றன. முருங்கைக்காய், வாழையிலை, நாட்டுக் காய்கறி, தமிழ்ப்பள்ளி, கோவில், மருந்தகம் எல்லாம் நடை தூரம். பார்வையற்றோர் சங்கம் இங்கே இருப்பதால் நடைபாதைகளில் தொட்டுணரும் கற்கள் பதித்திருக்கிறார்கள். அதே நடைபாதையில் மோட்டார்சைக்கிளை நிறுத்துபவர்களும் இருக்கிறார்கள், அது வேதனையான விஷயம். கோலாலம்பூர் சென்ட்ரலிலிருந்து கிளானா ஜெயா தடத்தில் மஸ்ஜிட் ஜாமெக் இரண்டாவது நிறுத்தம், கே.டி.எம். ரயில் ஏறினால் நேராகப் பத்துமலை.

வீட்டு வகையில் இங்குத் தேர்வு அதிகம்: லிஃப்டும் காவலும் உள்ள கொண்டோக்கள், லிஃப்ட் இல்லாத நடைமாடி வீடுகள், கடைக்கு மேல் அறைகள். முதியவர் இருக்கும் வீட்டுக்கு லிஃப்ட் உள்ள கொண்டோவைத் தவிர வேறெதையும் நான் பரிந்துரைக்கமாட்டேன். கோளாறு போக்குவரத்தில் இருக்கிறது. துன் சம்பந்தன் சாலையும் தம்பிப்பிள்ளை சாலையும் மதியச் சாப்பாட்டு நேரத்திலும் மாலையிலும் அடைத்துக்கொள்ளும், ஒருவழிச் சாலைகளால் சின்னத் தூரத்துக்கும் சுற்றவேண்டும். உணவுக்கடை வரிசைக்கு நேர் மேலேயோ நேர் பின்னாலேயோ உள்ள வீட்டில் கரப்பானும் எண்ணெய்ப் புகையும் தீராது. இரண்டு தெரு தள்ளி எடுங்கள். கிள்ளான் ஆறு இந்த ஊரின் ஓரமாகத்தான் ஓடுகிறது, எனவே ஆற்றுப் பக்கத் தாழ்ந்த தெருக்களில் முன்சொன்ன கீழ்த்தளச் சோதனைகள் எல்லாம் இங்கும் வேண்டும், குறிப்பாக அடித்தளக் கார் நிறுத்துமிடத்துக்கு.

சர்வீஸ் அபார்ட்மென்டுகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பாதுகாப்பு, லிஃப்ட், நீச்சல்குளம் உண்டு. ஆனால் வணிக நிலத்தில் எழுந்தவற்றில் கட்டண விகிதத்தைக் கேட்டே ஆகவேண்டும். சின்ன ஸ்டூடியோக்களில் மின்அடுப்பு மட்டும், புகைபோக்கி வெளியே போகாது. தினமும் தாளித்துச் சமைக்கும் வீட்டுக்கு மெத்தையெல்லாம் வெங்காய வாடை ஏறிவிடும். ஓராண்டு வேலை ஒப்பந்தத்தில் வரும் தனியாளுக்கு ஏற்றது.

யாருக்கு எது

குழந்தைகள் பள்ளிக்குப் போகும் குடும்பத்துக்கும், முழங்கால் வலியுள்ள பெற்றோரோடு இருப்பவர்களுக்கும் பிரிக்பீல்ட்ஸ். இதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை. மஸ்ஜிட் இந்தியாவிலோ துவாங்கு அப்துல் ரஹ்மான் சாலையிலோ கடை வைத்திருப்பவர், இரவு கடையடைத்துப் படியேறினால் போதும் என்று இருப்பவர், நிர்வாகம் சரியாக உள்ள மேன்ஷனில் நான்காம் மாடிக்கு மேல் எடுக்கலாம். கடைவீட்டு மாடி, படியேறத் தயங்காத தம்பதிக்கும் வீட்டிலிருந்தே வரைபவர், தைப்பவர், மொழிபெயர்ப்பவர் போன்றவர்களுக்கும் உரியது. பின்லோரோங்கில் இறங்க இரண்டாவது வழி இருந்தால் மட்டும். அந்த இரண்டாவது வழி இல்லாத மாடி எவ்வளவு அழகாக இருந்தாலும் குழந்தையோடு போகாதீர்கள்.

எதுவானாலும் மூன்று முறை போய்ப் பாருங்கள்: வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரம், சனிக்கிழமை இரவு, பிற்பகல் மழை கொட்டும்போது. மூன்றாவது பார்வைதான் மற்ற இரண்டையும்விட அதிகம் சொல்லும்.

பணமும் ஒப்பந்தமும்

மலேசியாவில் வழக்கம் இரண்டு மாத வைப்புத்தொகை, அரை மாத மின்-நீர் வைப்பு, முதல் மாத வாடகை முன்பணம். மாதம் 1,500 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால் சாவி வாங்க 3,000, 750, 1,500 சேர்த்து 5,250 ரிங்கிட் கையில் வேண்டும். முத்திரைத் தீர்வை, ஓராண்டுக்குமேல் மூன்றாண்டு வரையிலான ஒப்பந்தத்துக்கு ஆண்டு வாடகையின் ஒவ்வொரு 250 ரிங்கிட்டுக்கும் 3 ரிங்கிட். ஆண்டுக்கு 18,000 என்றால் 216 ரிங்கிட். முத்திரையிடாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது, எனவே இந்தப் பணத்தை மிச்சம்பிடிக்க நினைக்காதீர்கள்.

ஒப்பந்தம் யாரோடு என்பதே பழைய நகரில் பெரிய கேள்வி. மொத்தக் குத்தகைக்காரரிடம் எடுப்பதானால், உள்வாடகைக்கு விட உரிமையாளர் தந்த எழுத்துச் சம்மதத்தைப் பார்க்கவேண்டும். அவருடைய குத்தகை எப்போது முடிகிறது என்பதும் தெரியவேண்டும். அது முடிந்தால் உங்கள் வைப்புத்தொகைக்கு யாரும் பொறுப்பேற்கமாட்டார்கள். பெட்டாலிங் ஸ்திரீட் வட்டாரத்தில் கடைவீடுகள் காப்பிக்கடைகளாகவும் தங்கும் விடுதிகளாகவும் மாறிவருகின்றன. இரண்டாண்டு முடிந்ததும் வாடகையை இரட்டிப்பாக்கி உங்களை அனுப்பிவிடலாம். புதுப்பிக்கும் உரிமை உங்களுக்கு உண்டு, உயர்வு இத்தனை விழுக்காட்டுக்குமேல் போகாது என்ற வரியை முதலிலேயே எழுதி வாங்குங்கள்.

பழுது பார்க்கும் பொறுப்பைப் பிரித்தெழுத வேண்டும். கூரை, தகரக் கால்வாய், உத்தரம், முதன்மை வயரிங், கரையான் மருந்து ஆகியவை உரிமையாளருடையவை. பல்பு, குழாய் வாஷர், அடைப்பு உங்களுடையவை. வெள்ளத்தாலோ தீயாலோ குடியிருக்க முடியாத நாள்களுக்கு வாடகை இல்லை, பதினான்கு நாளுக்குமேல் போனால் வைப்புத்தொகை திரும்பப் பெற்று விலகலாம் என்று ஒரு வரி சேருங்கள். காப்பீடு எடுக்கும்போது அடிப்படைத் தீக்காப்பீட்டில் வெள்ளம் அடங்காது. வீட்டுப் பொருள்களுக்கான காப்பீட்டில் வெள்ளம் உண்டா, மரத்தளக் கட்டடத்தை ஏற்கிறார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சாவி கைக்கு வரும் நாளில் மின்மீட்டர், தண்ணீர் மீட்டர் எண்களையும், ஒவ்வொரு சுவர், கூரை மூலை, உத்தர முனையையும் தேதியோடு படம் பிடித்து, அன்றே உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். வைப்புத்தொகையில் பிடித்தம் செய்யும் தகராறுகள் பெரும்பாலும் பழைய ஈரக்கறையையும் பழைய விரிசலையும் பற்றியே வருகின்றன.